வேல்ஸ் மலைநாட்டில் இரண்டு வகைக் கோட்டைகள்

வடக்கு வேல்ஸில் கான்வி கோட்டையையும் அதையொட்டிய ஊர்மதிலையும் எழுப்ப இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டுக்கு ஏறத்தாழ 15,000 பவுண்டு செலவானது. 1283-இல் வேலை தொடங்கியது. நான்கைந்து ஆண்டுகளில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கூலியைப் பென்னிக் கணக்கில் கொடுத்த காலம் அது. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை அரசரின் எழுத்தர்கள் தோல்சுருள்களில் எழுதிவைத்தார்கள். அவற்றில் பல இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மண் வெட்டியவர்கள், மரம் அறுத்தவர்கள், சுண்ணாம்பு நீற்றியவர்கள், படகில் கல் ஏற்றி வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிச் செஸ்டர் நகருக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் ஓடிப்போய்விடாமல் இருக்கச் சில கூட்டங்களுக்குக் குதிரைக் காவலும் போட்டார்கள். அந்தக் காவலுக்கும் கூலி கொடுத்த கணக்கு இருக்கிறது.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் நான் வேல்ஸுக்குப் போனேன். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கட்டடத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டு அதன் முன்னால் நிற்பது எளிதில் வாய்க்காது. ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. அந்தக் கோட்டை எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதுதான் அது. போன இடமெல்லாம் நான் தேடியது அதைத்தான்.

கான்விக்கு ரயிலில் வருகிறவர்கள் ஊர்மதிலுக்கு உள்ளேயே வந்து இறங்குகிறார்கள். கழிமுகத்தைத் தாண்டும் இடத்தில் இரண்டு பழைய பாலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று தாமஸ் டெல்ஃபோர்டு 1826-இல் முடித்த தொங்குபாலம். ரயில் போவது ராபர்ட் ஸ்டீஃபன்சனின் இரும்புக் குழாய்ப்பாலத்தில். அது 1848-இல் வந்தது. இரண்டு பொறியாளர்களும் கோட்டைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று தங்கள் பாலங்களுக்கும் கொத்தளம்போல முகப்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் கோட்டை. பாறைமேல் எட்டுப் பெரிய வட்டக் கொத்தளங்கள், ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. கட்டிய புதிதில் சுவர் முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது. அதன் தடம் அங்கங்கே இன்னும் ஒட்டியிருக்கிறது. சாம்பல் நிறக் கல்லைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, மலையடிவாரத்தில் வெயிலில் பளீரென்று எரியும் வெண்ணிறக் கோட்டையைக் கற்பனை செய்வது கொஞ்சம் சிரமம்தான். அது தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதுதான் கட்டியவர்களின் எண்ணம்.

ஊர்மதிலின் நீளம் 1.3 கிலோமீட்டர். அதில் 21 கொத்தளங்கள், மூன்று பழைய வாயில்கள். பெரும்பகுதியில் மேலே ஏறி நடக்கலாம். ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகளும் புறக்கடைத் துணிக்கொடிகளும், மறுபக்கம் வயலும் மலையும். தெற்குப் பக்க மதிலில் பன்னிரண்டு கழிப்பிடங்கள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மதிலுக்கு உள்ளே வேலை பார்த்த அரசு அலுவலர்களுக்காகக் கட்டியவை. எனக்கு அரசரின் படுக்கையறையைவிட இவைமேல்தான் ஆர்வம் அதிகம்.

கோட்டைக்குள் போகிறவர்கள் கொத்தளங்களின் வெளிச்சுவரை நிமிர்ந்து பார்க்கவேண்டும். சதுரமான சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். சாரம் கட்ட மரம் செருகிய துளைகள் அவை. நம்மூரில் சாரத்துளை நேர்க்கோட்டில் கிடைமட்டமாக இருக்கும். இங்கே அது கொத்தளத்தைச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. பாரத்தை ஏணியில் தூக்காமல் சரிவுப்பாதையில் உருட்டியும் இழுத்தும் ஏற்றியிருக்கிறார்கள். இந்த முறை இங்கிலாந்துக் கொத்தனார்களுக்குப் பழக்கமானதல்ல. ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவாய் நாட்டில் இருந்தது. அரைவட்ட வளைவு வைத்த வாசல்கள், சன்னல்களின் அளவு, கழிப்பிடத்தின் அமைப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எட்வர்டின் தலைமைக் கட்டடக்காரரான செயின்ட் ஜார்ஜ் ஊர் ஜேம்ஸ் சவாயிலிருந்து வந்தவர் என்று நிறுவியவர் ஆர்னால்ட் டெய்லர் என்ற வரலாற்றாளர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவர் செய்த வேலை அது. ஜேம்ஸுக்கு நாள்கூலி மூன்று ஷில்லிங், அதாவது 36 பென்னி. ஒரு கூலியாள் பல வாரம் உழைத்தால் கிடைக்கும் காசு அது.

இனி, அந்த இடத்தில் முன்பு இருந்தது என்ன என்பதற்கு வருகிறேன். கான்வியில் ஒரு துறவிமடம் இருந்தது. சிஸ்டெர்சியன் துறவிகளின் மடம். குவினெத் நாட்டை ஆண்டு, வேல்ஸ் முழுவதும் மதித்த லுவெலின் அப் யோர்வெர்த் 1240-இல் இறந்தபோது அங்கேதான் அவரைப் புதைத்தார்கள். மக்கள் அவரைப் பெரிய லுவெலின் என்று சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 1283-இல் குவினெத்தை வென்ற எட்வர்ட் அந்த மடத்தை அங்கிருந்து எடுத்து, ஆற்றோடு மேலே கிழக்குக் கரையில் மேனான் என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டு, மடம் இருந்த இடத்தில் தன் ஊரையும் கோட்டையையும் கட்டினார். மடத்துக் கோயில் மட்டும் ஊர்க்கோயிலாக மாறி இன்னும் இருக்கிறது. கழிமுகத்தைக் காக்க வேறு பாறைகள் இல்லாமல் இல்லை. எதிர்க்கரையில் டெகான்வியில் பழைய கோட்டையே இருந்தது. ஆனால் எட்வர்டுக்கு வேண்டியிருந்தது இந்தக் கரை. தோற்றவர்களின் மூத்த அரசர் கிடந்த நிலம்.

கோட்டையைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். நான் மறுநாள் அந்த அரசருடைய கல்சவப்பெட்டியைத் தேடி ஆற்றோடு மேலே போனேன்.

லண்டட்னோ சந்திப்பிலிருந்து பிளைனாய் ஃபெஸ்டினியோக் வரை ஒரு சிறிய ரயில் தடம் கான்வி ஆற்றை ஒட்டியே போகிறது. நெரிசல் இல்லாத ரயில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேல்ஸ் மொழியில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். லான்ரூஸ்டில் இறங்கி, பழைய கல்பாலத்துக்கு அருகே உள்ள ஊர்க்கோயிலுக்குப் போனால், பக்கவாட்டில் குவிதிர் சிற்றாலயம். அதன் தரையில் ஒரு கல்தொட்டி கிடக்கிறது. பக்கங்களில் நாலிதழ்ப் பூவேலைப்பாடு. மூடி இல்லை, உள்ளே எதுவும் இல்லை. துறவிகள் மேனானுக்குப் போனபோது கூடவே எடுத்துப் போனது இது. எட்டாம் ஹென்றி மடங்களை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தது. எலும்பு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் விளக்கைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய்விட்டார். இருபதடி நீள அறையில் ஓர் அரசருடைய வெற்றுப் பெட்டி. கான்வி கோட்டையின் விலை எனக்கு அங்கேதான் புரிந்தது.

அதே ரயிலில் இன்னும் மேலே போனால் டொல்விதெலன். இது பெரிய லுவெலின் கட்டிய கோட்டை. நிலையத்திலிருந்து சாலையோரமாக நடந்து, ஒரு பண்ணைவீட்டைத் தாண்டி, ஆட்டுப்பட்டி வழியாக மேலே ஏறவேண்டும். சதுரமான ஒற்றைக் கற்கட்டடம், பாறைத் திட்டின் மேல். பின்னால் மோயல் ஷாபோட் மலை. கான்வியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது கோட்டையா காவல்வீடா என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். குவினெத்தின் செல்வம் இவ்வளவுதான். மாடு, வெண்ணெய், மலைப்பாதைகள்மேல் பிடி. கோட்டையின் வேலை, கான்வி பள்ளத்தாக்கிலிருந்து உள்நாட்டுக்கு ஏறும் வழியைப் பார்த்துக்கொள்வது. மேல்தளத்தில் நின்றால் அந்த வழி முழுவதும் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. யாரும் பார்வைக்குத் தப்பி வரமுடியாது. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும்: இப்போது தெரியும் மேற்கூரையும் மதிலின் பல்வரிசையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கிழார் ஒருவர் புதுப்பித்தபோது வைத்தவை. கீழ்ச்சுவர்தான் பழையது.

அந்தக் குடும்பத்தின் கதையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய லுவெலினின் பேரன் லுவெலின் அப் கிரிஃபித். 1267-இல் இங்கிலாந்து அரசரே அவரை வேல்ஸின் இளவரசர் என்று ஒப்புக்கொண்டார். பத்தே ஆண்டில் எட்வர்ட் படையெடுத்து அவருடைய நிலத்தில் பெரும்பகுதியைப் பறித்தார். 1282-இல், குருத்தோலை ஞாயிறை ஒட்டிய இரவில், லுவெலினின் தம்பி தாவித் ஹவார்டன் கோட்டையைத் தாக்கியதில் மறுபடி போர் மூண்டது. தாவித் முன்பு அண்ணனுக்கு எதிராக எட்வர்ட் பக்கம் நின்றவர். அந்த ஆண்டு டிசம்பர் 11 அன்று, நடு வேல்ஸில் கில்மேரி அருகே, தன் படையை விட்டுப் பிரிந்திருந்த லுவெலின் கொல்லப்பட்டார். தலையை லண்டனுக்கு அனுப்பி, கோட்டை மேல் செருகி வைத்தார்கள். அடுத்த மாதமே டொல்விதெலன் எட்வர்ட் கைக்குப் போனது. பனிக்காலம். அங்கே வைத்த காவற்படைக்குப் பனியில் தெரியாமலிருக்க வெள்ளை உடை வாங்கிக் கொடுத்த கணக்கு இருக்கிறது. மலை இன்னும் அடங்கவில்லை என்று அந்தக் கணக்கு சொல்கிறது. தாவித் மலைமலையாக ஓடி, 1283 கோடையில் பிடிபட்டார். ஷ்ரூஸ்பரி நகரில் அவரைக் குதிரையில் இழுத்துத் தூக்கிலிட்டு உடலை நாலாக வெட்டினார்கள். லுவெலினின் ஒரே மகள் குவென்லியன் அப்போது கைக்குழந்தை. பெற்றபோதே தாயும் இறந்துவிட்டார். அந்தக் குழந்தையை இங்கிலாந்தின் கிழக்கே செம்பிரிங்கம் என்ற கன்னியர் மடத்தில் சேர்த்தார்கள். அவர் 1337-இல் அங்கேயே இறந்தார். மலைகளை மறுபடி பார்க்கவில்லை.

அடுத்துப் போனது லான்பெரிஸுக்குப் பக்கத்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே நிற்கும் டொல்பாடார்ன். இதுவும் பெரிய லுவெலின் கட்டியதே. ஒற்றை வட்டக் கொத்தளம், ஏறக்குறைய ஐம்பது அடி உயரம். பேரன் லுவெலின் தன் மூத்த சகோதரர் ஒவைனை இருபது ஆண்டுக்கும் மேல் சிறைவைத்தது இங்கேதான் என்பது நெடுநாள் நம்பிக்கை. தோற்றவர்கள் பக்கமும் கைகள் சுத்தமில்லை. அதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓவியர் டர்னர் இதை வரைந்து 1800-இல் காட்சிக்கு வைத்தார். ஏரிக்கு எதிரே மலையையே படிக்கட்டாக வெட்டியதுபோல டினோர்விக் ஸ்லேட் சுரங்கம். 1969 வரை ஓடியது. எட்வர்டின் ஆட்கள் இந்தக் கோட்டையின் மரங்களைக் கழற்றிக் கைர்னார்வனில் தாங்கள் கட்டிக்கொண்டிருந்த கோட்டைக்கு இழுத்துப் போனார்கள்.

மரத்தின் பின்னே நானும் கைர்னார்வனுக்குப் போனேன்.

எட்வர்ட் கட்டியவற்றில் செலவிலும் செருக்கிலும் இதுதான் முதலாவது. கொத்தளங்கள் வட்டமாக இல்லை, பல கோணமாக மடிகின்றன. சுவரில் வெவ்வேறு நிறக் கற்களை வரிவரியாகப் பதித்திருக்கிறார்கள். கான்ஸ்டான்டினோபிள் நகர மதிலை நினைவூட்டத்தான் இப்படிச் செய்தார்கள் என்பது ஆர்னால்ட் டெய்லர் முதல் பலரும் சொன்ன கருத்து. ஏன் கான்ஸ்டான்டினோபிள்? ஊருக்கு மேலே செகான்டியம் என்ற ரோமானியப் படைமுகாமின் அடித்தளம் இன்னும் கிடக்கிறது. ரோமானியப் பேரரசராகத் தன்னை அறிவித்துக்கொண்ட மேக்னஸ் மேக்சிமஸை வேல்ஸ் மக்கள் மேக்சென் என்று தங்கள் கதைகளில் சொந்தம் கொண்டாடினார்கள். கனவில் கண்ட பெண்ணைத் தேடி அந்தப் பேரரசர் வந்து சேர்ந்த ஆற்றுமுகக் கோட்டை இந்த ஊர் என்பது கதை. 1283-இல் அவருடைய உடல் என்று நம்பிய ஒன்று இங்கே தோண்டியெடுக்கப்பட்டதாகவும், எட்வர்ட் அதை மரியாதையாக மறுபடி புதைக்கச் செய்ததாகவும் அக்காலக் குறிப்பு உண்டு. கழுகுக் கொத்தளத்தின் உச்சியில் கல்கழுகுகள் வைத்ததும் அதே எண்ணத்தில்தான். ஆக, கான்வியில் ஒரு கல்லறையை எடுத்தவர், இங்கே ஒரு கதையை எடுத்துக்கொண்டார்.

அரச வாயிலில் நின்று மேலே பார்த்தால் திட்டத்தின் முரட்டுத்தனம் தெரியும். முழுதாக முடிந்திருந்தால் உள்ளே வருகிறவர் தூக்குப்பாலம் தாண்டி, ஐந்து கதவுகளையும் மேலிருந்து இறங்கும் ஆறு இரும்பழிகளையும் கடக்கவேண்டியிருக்கும். மேலே கூரையில் துளைகள். அவை எதற்கு என்று சொல்லவேண்டியதில்லை. சுவருக்குள்ளேயே நீளும் நடைவழிகளில், வெளியே ஒற்றைப் பிளவாகத் தெரிவது உள்ளே மூன்று வில்லாளிகள் மூன்று திசையில் எய்யும்படி விரிகிறது. இவ்வளவுக்குப் பிறகும் 1294-இல் மாடோக் அப் லுவெலின் தலைமையில் மக்கள் எழுந்தபோது, அரைகுறையாக நின்ற இந்தக் கோட்டைக்குள் புகுந்து எரித்தார்கள். எட்வர்டே அந்தப் பனிக்காலத்தில் கான்வியில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்.

எட்வர்டின் மகன், பின்னாளில் இரண்டாம் எட்வர்ட், 1284 ஏப்ரல் 25 அன்று இங்கே பிறந்தார். ஆங்கிலம் பேசத் தெரியாத இளவரசரைத் தருகிறேன் என்று வாக்களித்துவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார் அரசர் என்று வழிகாட்டிகள் சுவைபடச் சொல்வார்கள். முந்நூறு ஆண்டு கழித்துத்தான் அந்தக் கதை எழுத்தில் வருகிறது. மகனுக்கு வேல்ஸின் இளவரசர் பட்டம் கிடைத்தது 1301-இல். தோற்றவர்களின் பட்டத்தையே எடுத்து வாரிசுக்குக் கொடுக்கும் வழக்கம் அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது. 1911-லும் 1969-லும் பட்டம் சூட்டிய விழா இந்தக் கோட்டை முற்றத்தில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த வேல்ஸ்காரரான தாமஸ் பென்னன்ட், இந்தக் கோட்டையை வியந்துகொண்டே, எங்கள் அடிமைத்தனத்தின் அடையாளம் இது என்ற பொருளில் எழுதினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். இன்று கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் காய்கறிக்காரரும் பேருந்து ஓட்டுநரும் பேசுவது வேல்ஸ் மொழிதான். மதிலுக்குள் குடியிருக்கவும் சந்தை நடத்தவும் வேல்ஸ் மக்களுக்கு உரிமை இல்லாமல் இருந்த ஊர் இது. 2021 கணக்கெடுப்பில் குவினெத் மாவட்டத்தில் நூற்றுக்கு 64 பேர் அந்த மொழி பேசுகிறவர்கள்.

எட்வர்டின் கோட்டைகளில் அழகில் ஹார்லெக்குக்கு ஈடு எதுவும் இல்லை. செலவு எட்டாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல்; கைர்னார்வனுக்கு ஆனதில் பாதிகூட இல்லை. செங்குத்துப் பாறையின் உச்சியில் நான்கு மூலைக் கொத்தளம், கிழக்கே பெருவாயில். அவ்வளவுதான். கட்டியபோது பாறையின் காலடியில் கடல் இருந்தது. 108 படிகள் இறங்கும் மதில்வழி ஒன்று கடல்வாயிலுக்குப் போகிறது. 1294 கிளர்ச்சியில் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த உணவால் கோட்டை பிழைத்தது. இப்போது அங்கிருந்து பார்த்தால் புல்வெளியும் மணல்மேடும், வெகுதூரத்தில் கடல். உள்முற்றத்தில் தெற்குப் பக்கம் ஒரு கூடத்தின் அடித்தளம் தெரியும். பக்கத்து ஊரான இஸ்டும்குவெர்னில் இருந்த லுவெலினின் மரக்கூடத்தை அக்கக்காகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். தோற்றவர் விருந்து வைத்த கூடத்தில் வென்றவரின் காவலர்கள் சாப்பிட்டார்கள்.

இதே கோட்டைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1404-இல் ஒவைன் க்ளின்டூர் இதைப் பிடித்துத் தன் குடும்பத்தோடு குடியேறினார். சில ஆண்டுகள் ஒரு வேல்ஸ் அரசு இங்கிருந்து நடந்தது. 1409-இல் பீரங்கியும் பட்டினியும் சேர்ந்து அதை முடித்தன. அவருடைய மனைவியையும் மகள்களையும் லண்டன் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். க்ளின்டூர் பிடிபடவே இல்லை. எட்வர்ட் அடக்குவதற்குக் கட்டிய சுவரை, அடங்காதவர் தன் வீடாக்கிக்கொண்ட இடம் என்பதால் எனக்கு ஹார்லெக் மேல் தனிப் பாசம். மேல்மதிலில் நின்றால் வடக்கே எரிரி மலைத்தொடர் முழுவதும் தெரிகிறது. 1,085 மீட்டர் உயரமுள்ள அர் வித்வா சிகரம் தெளிந்த நாளில் மட்டும். எனக்கு அந்த நாள் வாய்த்தது.

ஆங்கல்சி தீவில் உள்ள பியூமாரிஸ் வேறு மாதிரி. சமதரை, சதுப்பு நிலம். அதனால் ஜேம்ஸ் வரைபடத்தில் வரைந்ததுபோலவே கட்டமுடிந்தது. ஒரு மதிலுக்குள் இன்னொரு மதில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒத்த அமைப்பு, சுற்றிலும் இன்றும் தண்ணீர் நிற்கும் அகழி. 1296 பிப்ரவரியில் ஜேம்ஸ் லண்டன் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. 400 கொத்தனார்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்பவர்கள், கொல்லரும் தச்சருமாக 30 பேர், இத்தனை வண்டி, இத்தனை படகு என்று கணக்குச் சொல்லி, வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும், கூலி பாக்கி நிற்கிறது, ஆட்கள் பிழைக்க வழியில்லாமல் விட்டுப்போகிறார்கள் என்று கெஞ்சுகிறார். பணம் வரவில்லை. எட்வர்ட் அதற்குள் ஸ்காட்லாந்துப் போருக்கும் பிரான்சுப் போருக்கும் செலவழித்துக்கொண்டிருந்தார். முன்பு கடன் கொடுத்த லூக்கா நகரத்து ரிக்கார்டி வட்டிக்கடைக்காரர்களும் நொடித்துப்போயிருந்தார்கள். இந்தக் கோட்டையின் கொத்தளங்கள் கடைசிவரை முழு உயரத்துக்கு எழவில்லை.

இங்கே இருந்தது லான்வைஸ் என்ற துறைமுக ஊர். மீனும் வியாபாரமுமாகக் குவினெத்துக்கு வருமானம் தந்த ஊர். அங்கே குடியிருந்த வேல்ஸ் மக்களைத் தீவின் மறுபக்கத்துக்கு அனுப்பி, அங்கே புதிதாக ஓர் ஊர் வைத்தார்கள். அதன் பெயரே நியூபரோ. லான்வைஸில்தான் பெரிய லுவெலின் தன் மனைவி ஜோனின் நினைவாக ஒரு மடம் கட்டியிருந்தார். ஜோன், இங்கிலாந்து அரசர் ஜானின் மகள். முறைப்படி எட்வர்டுக்கு அத்தை. அவருடையது என்று காலங்காலமாகச் சொல்லப்படும் கல்சவப்பெட்டி இப்போது பியூமாரிஸ் ஊர்க்கோயிலின் முகப்பில் இருக்கிறது. இடையில் பல காலம் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்ததாம். கணவரின் பெட்டி லான்ரூஸ்டில், மனைவியுடையது இங்கே. இரண்டும் காலி.

எட்வர்டின் இந்த நான்கு கோட்டைகளையும் 1986-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. தகுதியானவைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் போர்க் கட்டடக்கலைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் ஐரோப்பாவில் அதிகம் இல்லை. ஆனால் வேல்ஸ் மக்கள் இவற்றைக் கட்டடக்கலையாக மட்டும் பார்ப்பதில்லை. எட்வர்டின் கோட்டை வரிசையை இரும்பு வளையம் என்று வரலாற்று நூல்கள் சொல்வது வழக்கம். 2017-இல் ஃபிளின்ட் கோட்டைக்குப் பக்கத்தில் பெரிய உலோக வளையம் ஒன்றைச் சிற்பமாக நிறுத்த அரசு திட்டமிட்டபோது, எங்களை ஒடுக்கியதற்கு நாங்களே நினைவுச்சின்னம் வைப்பதா என்று பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஏழு நூற்றாண்டு கடந்த ஒரு தோல்வி ஒரு மக்களுக்கு இன்னும் இவ்வளவு அருகில் இருக்கிறது என்றால், அந்தக் கோட்டைகளுக்கு வரும் வெளியூர்க்காரர் அதைத் தெரிந்துகொள்ளாமல் படம் எடுத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

நான் கடைசியாகப் பார்த்தது காஸ்தெல் அ பெர்ரே. 1221-இல் பெரிய லுவெலின் கட்டியது. டிசினி பள்ளத்தாக்கில், காடெர் இட்ரிஸ் மலையின் நிழலில், ஒரு நீண்ட பாறை முதுகின் மேல். இப்போது இடுப்பளவுச் சுவர்கள்தான். இரண்டு கோடியிலும் ஒரு பக்கம் வளைந்து ஒரு பக்கம் தட்டையான கொத்தளங்களின் அடித்தளம். வேல்ஸ் இளவரசர்களின் கொத்தளங்களுக்கே உரிய வடிவம் அது. பாறையில் வெட்டிய கிணறு, ஆழமான அகழி. தோண்டியபோது கிடைத்த செதுக்குக் கற்களைப் பார்த்தால், லுவெலினின் ஆட்களுக்குக் கலையறிவு குறைவில்லை என்பது தெரியும், குறைந்தது காசுதான். 1283 ஏப்ரல் 25 அன்று இது விழுந்தது. வேல்ஸ் இளவரசர்களின் கோட்டைகளில் கடைசியாக விழுந்தவற்றில் ஒன்று இது. எட்வர்ட் இங்கேயும் ஓர் ஊர் வைத்துப் பார்த்தார். 1294 கிளர்ச்சிக்குப் பிறகு எல்லோரும் கைவிட்டுப் போனார்கள். கோட்டைக்குச் சற்று மேலே ஒரு குடிசையின் இடிபாடு இருக்கிறது. 1800-இல் மேரி ஜோன்ஸ் என்ற ஏழை நெசவாளர் வீட்டுப் பெண், பதினைந்து வயதில், வேல்ஸ் மொழியில் ஒரு பைபிள் வாங்குவதற்காக அங்கிருந்து பாலா நகருக்கு நாற்பது கிலோமீட்டர் நடந்து போனாள். அந்தப் பள்ளத்தாக்கில் கோட்டை விழுந்த பிறகும் விழாமல் நின்றது எது என்று அவளிடம்தான் கேட்கவேண்டும்.

நான் இருந்த நேரமெல்லாம் அங்கே வேறு ஆள் வரவில்லை. கான்வியில் நுழைவுச்சீட்டுக்கு வரிசை. இந்த ஏற்றத்தாழ்வை வரலாறு செய்யவில்லை, நாம் செய்கிறோம். பெரியதைப் பார்க்கப் போவது இயல்பு. ஆனால் அந்தப் பெரிய சுவர்கள் எதைக் கண்டு அஞ்சி எழுந்தன என்பது இந்தச் சிறிய சுவர்களில்தான் இருக்கிறது.

வேல்ஸ் போகும் வாய்ப்புள்ளவர்கள் முதலில் மலைக்குள் போங்கள். டொல்விதெலனும் டொல்பாடார்னும் பார்த்த பிறகு கடற்கரைக்கு இறங்குங்கள். லான்ரூஸ்ட் கோயிலுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். காஸ்தெல் அ பெர்ரேவுக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது. டிவினிலிருந்து டலிலின் சிறுரயிலில் அபெர்கினோல்வின் வரை வந்தால், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடை. கடை எதுவும் இல்லை; தண்ணீரும் மழைக்கோட்டும் எடுத்துப் போங்கள்.